பவுனம்மாளுக்குப் பாட்டு

ஐஸ் பெட்டியின் மோட்டார் உறுமத் தொடங்கியதும் இளவழகன் வயரைச் சுவரோரமாக ஒதுக்கி, யார் காலிலும் இடறாதபடி அதன்மேல் ஒரு செங்கல்லை வைத்தான். கண்ணாடிக்குள் ஆயா, அவன் அப்பாவைப் பெற்ற பவுனம்மாள், படுத்திருந்தாள். தாடையைச் சுற்றிக் கட்டிய வெள்ளைத் துணியில், பல்வலியோடு தூங்குகிறவள் போலத் தெரிந்தாள்.

பந்தலில் பஜனைக் குழுப் பெண்கள் ஜால்ராவை மடியில் வைத்துக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தார்கள்.

அந்தத் தெருக்களில் ஒரு சாவும் பவுனம்மாள் பாட்டில்லாமல் போனதில்லை. சேதி வந்ததும் ஒரு கையில் ஜால்ரா, மறுகையில் கஞ்சித்தூக்கோடு கிளம்பிவிடுவாள். அழுகிறவர்களைக் குடிக்க வைத்த பிறகுதான் சிங்கவரத்துப் பெருமாளைக் கூப்பிடுவாள். "வெறும் வயித்துல அழுதா மயக்கம்தான் வரும், மோட்சம் வராது" என்பாள். தன்னோடு பேச்சை முறித்துக்கொண்டவர்கள் வீட்டுக்கும் போனாள்.

இளவழகனின் மனைவி கலைமதி காய்ச்சலில் போன அன்று அது நின்றது. ஆயா தலைமாட்டில் உட்கார்ந்து வாயைத் திறந்தாள். சத்தம் வரவில்லை. அதன்பிறகு அவள் பாடவே இல்லை. அந்த மார்கழியில் தெருவுக்கே பஜனை இல்லை. ஏன் என்று இளவழகன் கேட்கவில்லை. இருவரும் எதிரெதிரே உட்கார்ந்து சாப்பிட்டார்கள். "ரசம் ஊத்தட்டா?" "போதும்." வீட்டில் பேச்சு அவ்வளவுதான்.

"பாட ஆரம்பிக்கலாமா?" ஆயாவின் கூட்டாளி வள்ளியம்மாள் கேட்டாள்.

பெரியப்பா சுந்தரமூர்த்தி மறுத்தார். "அந்தப் பொண்ணு போயி வருசம் திரும்பாத வூடு. மேளம் வாணான்னுட்டேன், பட்டாசு வாணான்னுட்டேன். பாட்டு மட்டும் இன்னாத்துக்கு?"

"அப்ப உங்கம்மாவ ஊமையாவா அனுப்புவ? ஊருக்கே பாடுனவடா அவ."

"வாழ வேண்டிய பொண்ணு, அதுவே பாட்டில்லாமதான் போச்சு." பெரியப்பா குரலைத் தாழ்த்தினார். "இந்தப் பையன் எதிர்ல கெழவிக்குப் பாடுனா, அவன் மனசு இன்னா ஆவும்?"

எல்லோரும் இளவழகனைப் பார்த்தார்கள். அவன் செங்கல்லைப் பார்த்துக்கொண்டிருந்தான்.

எதிர்வீட்டு ஜாஹிதா பேகம் டீ டம்ளரை அவன் கையில் திணித்தாள். "மொதல்ல குடி தம்பி. உங்காயா இருந்தா இப்டி உட்டிருக்குமா?"

குடித்தான். ஆறியிருந்தது.

"பாடுங்க சின்னாயா," என்றான்.

வள்ளியம்மாள் முந்தானையால் முகத்தைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள். ஜால்ரா ஒலித்தது. ஒரு சுற்று போனது. இன்னொரு சுற்றும் போனது. யாரும் வாயைத் திறக்கவில்லை.

"மொத அடிய எடேன் வள்ளி."

"நான் என்னிக்கிடி எடுத்தேன்? அவ அடி எடுப்பா, நாம வாங்கிப் பாடுவோம். நீ எடு."

"எனக்கு ரெண்டாவது அடிதான்டி வருது!"

ஒருத்தி சிரித்துவிட்டாள். சிரித்தவள்தான் முதலில் அழுதாள். வள்ளியம்மாள் முயன்றாள். அவள் வாயிலும் பின்பாட்டுதான் வந்தது. நிறுத்திவிட்டு, பழக்கத்தில், ஐஸ் பெட்டியைத் திரும்பிப் பார்த்தாள்.

"வரலன்னா உடும்மா," என்றார் பெரியப்பா. "அவலூர்பேட்டை பஸ்ல அக்கா வந்ததும் தூக்கிடலாம்."

இளவழகன் டம்ளரைக் கீழே வைத்தான். பஜனை முடியும்வரை ஆயா மடியில் தூங்கிய வயதில், தூக்கத்திலேயே காதில் ஏறிய பாட்டு. அவன் ஒருநாளும் அதை வாய்விட்டுப் பாடியதில்லை. தலைமாட்டில் போய்ச் சம்மணமிட்டு உட்கார்ந்தான். கண்ணாடியில் அவன் மூச்சு படிந்தது.

முதல் அடியை எடுத்தான். குரல் கரகரத்தது, சுருதி எங்கோ போயிற்று. நடுவில் ஒருமுறை உடைந்து நின்று, விட்ட இடத்திலிருந்து தொடர்ந்து முடித்தான்.

பெண்கள் வாங்கிப் பாடினார்கள். பாடி முடித்து, ஜால்ராவை நிறுத்தாமல், அடுத்த அடிக்காக அவன் வாயைப் பார்த்தார்கள்.