எட்டாவது இதழ்

அந்தத் தெருவில் அவருக்கு ‘ரூல்ஸ்’ என்று பெயர். ஐஸ் கம்பெனி வாசலில் உட்கார்ந்து, வருகிற லாரியையும் போகிற லாரியையும் சீட்டுப் பார்த்து விடுகிற வேலை. ஆனால் இவர் கேட்டைத் திறக்காவிட்டால் சூரியனே உதிக்காது என்பது போல ஒரு நடை, ஒரு செருமல். மனைவி மட்டும் மரியாதையாக ‘என்னங்க’ என்றுதான் கூப்பிடுவாள். பட்டப்பெயர்களை மனதுக்குள் வைத்துக்கொண்டாள்.

அவள் தினமும் விடிந்ததும் வாசல் தெளித்து எட்டிதழ்த் தாமரைக் கோலம் போடுகிறவள். கல்யாணமாகி வந்த முதல் வாரமே ரூல்ஸ் ஒரு சாக்பீஸோடு வந்து, வீட்டுக் கேட்டுக்கு வெளியே இடது பக்கமாக ஒரு கோடு கிழித்தார்.

“உன் கோலமாவு இந்தக் கோட்டைத் தாண்டி வரக்கூடாது. என் வண்டி டயர்ல ஒட்டும். வாசல்ங்கிறது போறதுக்கும் வர்றதுக்கும். படம் போடணும்னு ஆசையா இருந்தா சொல்லு, நோட்டு வாங்கித் தர்றேன்.”

கம்பெனி இடது பக்கம். வண்டியும் இடது பக்கம்தான் திரும்பும். அதனால் இடது பக்கத்து இதழ் மட்டும் விழவே இல்லை. பதினாறு வருஷமாக ஏழே இதழ். எதிர்வீட்டு அக்காவுக்குத் தெருவில் ஈ பறந்தாலும் அது எந்த வீட்டு ஈ என்று தெரியும். அதனால் ‘சிசிடிவி’ என்று பெயர். அவள் பல் தேய்த்துக்கொண்டே கேட்பாள்: “என்ன தங்கச்சி, இன்னைக்கும் மூளிக் கோலம்தானா?” இவள் சிரித்து மழுப்பிவிட்டு உள்ளே போய்ப் பாத்திரத்தைக் கொஞ்சம் சத்தமாக வைப்பாள்.

ரூல்ஸ் அந்தக் கோலத்தை ஒரு நாள்கூடக் குனிந்து பார்த்ததில்லை. அவர் கண் எப்போதும் அடுத்தவன் தப்பு செய்கிற உயரத்திலேயே இருக்கும்.

ஒரு திங்கட்கிழமை அவர் கிளம்பிப் போன பிறகு குப்பைக் கூடையோடு வெளியே வந்தவள் அப்படியே நின்றாள். வலது பக்கத்து இரண்டு இதழ்களின் மேல் டயர் ஏறிப் போயிருந்தது. ஈரத்தில் டயரோடு ஒட்டிக்கொண்ட மாவு விட்டு விட்டு வெள்ளையாக, தெருவின் வலது பக்கமே போய் மறைந்தது. செவ்வாய்க்கிழமையும் அப்படித்தான். புதன்கிழமையும் அப்படித்தான்.

“வேற வழியா போறீங்களா?” என்று ராத்திரி சாப்பாட்டின்போது கேட்டாள்.

“எதுக்கு? கம்பெனி எழுந்து நடந்து போயிடுச்சா? எப்பவும் போல இடது பக்கம்தான். இன்னைக்கு மேனேஜரே என்கிட்ட வந்து, நீங்க இல்லாட்டி இந்தக் கேட்டு என்ன ஆகும்னு கேட்டார்.” சொல்லிவிட்டு இன்னும் கொஞ்சம் சோறு போடச் சொன்னார்.

வியாழக்கிழமை அவள் தெருமுனைத் தையற்கடைக்குப் போனாள். பள்ளிக்கூடச் சீருடை, இருநூறு சட்டை. சனிக்கிழமைக்குள் பதில் சொன்னால் வேலை அவளுக்கு. போன வருஷமும் இதே வேலை வந்தது. “என் பொண்டாட்டி ஊரான் சட்டைக்குக் காஜா எடுக்கணுமா? நான் வெளியில தலை காட்ட வேணாமா?” என்று ரூல்ஸ் குதித்த குதியில் அது கைநழுவிப் போனது.

“இப்பவாவது விடுவாரா?” என்றார் தையற்காரர். “வேலை போன பிறகும் என்னம்மா வீம்பு?”

அவள் முகத்தைப் பார்த்ததும் அவர் நாக்கைக் கடித்துக்கொண்டார். ஆனால் பாதி சொன்ன பேச்சு வயிற்றில் தங்குமா?

“கம்பெனி டிரைவர் பேன்ட் தைக்க வந்தப்ப சொன்னான். சீட்டுல சீல் தெளிவா விழலைன்னு ஐஸ் ஏத்தின லாரியை வெயில்ல நிறுத்திட்டாராம். கையில கால்ல விழுந்தும் கேட்கலை. ரூல்ஸ்னா ரூல்ஸ்னு உட்கார்ந்துட்டார். புது சீல் வெச்சுக்கிட்டு வர்றதுக்குள்ள லாரியில தண்ணிதான் இருந்துச்சாம். வாளி எடுத்துட்டு வந்து மோந்துக்கலாம். அன்னைக்கே வேலை போச்சு, இப்ப தினமும் பூங்காவுலதான் உட்கார்ந்திருக்காராம்.”

அவளுக்கு முதலில் சிரிப்புதான் வந்தது. வீடு வந்து சேர்வதற்குள் அது ஆத்திரமாகிவிட்டது. வேலை யாருக்கும் போகும். அதற்காக அவள் ஒரு வார்த்தை குத்திப் பேசியிருக்க மாட்டாள். இந்த மனுஷன் தினமும் டிபன் பாக்ஸைக் கட்டி வாங்கிக்கொண்டு, வலது பக்கம் இருக்கிற பூங்காவில் உட்கார்ந்து தின்றுவிட்டு வந்து, மேனேஜர் கதை சொல்லிச் சோறு கேட்டதுதான் அவளைச் சுட்டது. இவரை நம்பிச் சீருடை வேலையையும் விட்டுவிட்டால் அடுத்த மாதம் அடுப்பில் பூனை தூங்கும். ஆனாலும் தானே வாய் திறந்து சொல்லட்டும் என்று ஒரு நாள் பொறுத்தாள்.

வெள்ளிக்கிழமை ராத்திரி அவளே கேட்டாள். “என்கிட்ட ஏதாவது சொல்லணுமா?”

ரூல்ஸ் யோசித்துப் பார்த்தார். “உப்பு கம்மி” என்றார்.

சனிக்கிழமை காலையில் அவர் சட்டைப்பையில் பேனாவைச் செருகிக்கொண்டு, வண்டியைத் தள்ளிக்கொண்டு கேட்டுக்கு வந்தார். வந்தவர் நின்றார். இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடி வரை வாசலை அடைத்துக்கொண்டு தாமரை மலர்ந்திருந்தது. எட்டு இதழ்.

“என்ன இது? வண்டிக்கு வழி எங்கே?”

“எந்தப் பக்கம் போகணும்னு சொல்லுங்க, அந்தப் பக்கத்து இதழை அழிச்சிடறேன். இடதா, வலதா?”

“இதென்ன கேள்வி? இடது.”

“அப்ப அஞ்சு நாளா வலது பக்கத்து இதழை மிதிச்சிட்டுப் போனது யாரு?”

“நாய் ஏதாவது ஓடியிருக்கும்.”

“நாய்க்கு எப்பங்க டயர் மாட்டினாங்க?”

எதிர்வீட்டில் பல் தேய்க்கிற சத்தம் நின்றது. ரூல்ஸ் செருமினார், செருமல் சரியாக வரவில்லை.

“யாரு சொன்னா உனக்கு?”

“தையற்காரர் முந்தாநாள்தான் சொன்னார். நீங்க திங்கட்கிழமையிலிருந்தே வாசல்ல எழுதி வெச்சிட்டுப் போறீங்க. ஒரு தடவை குனிஞ்சு பார்த்திருந்தா உங்களுக்கே தெரிஞ்சிருக்கும்.”

பதினாறு வருஷத்தில் முதல் தடவையாக அவர் குனிந்து பார்த்தார். டயரின் பள்ளங்களில் அஞ்சு நாள் மாவு வெள்ளை வெள்ளையாக அப்பியிருந்தது. கோலத்தையும் பார்த்தார். ஒவ்வொரு இதழாக, லாரிச் சீட்டைப் பார்க்கிற மாதிரியே சுற்றிப் பார்த்தார். ஏதோ சொல்லப் போகிறார் என்று அவள் காத்திருந்தாள். நிஜமாகவே காத்திருந்தாள்.

“இடது பக்கத்து இதழ் கொஞ்சம் கோணலா இருக்கு” என்றார்.

“இருக்கும். பதினாறு வருஷமா போட விடலையே” என்றாள். “நான் தையற்கடைக்குப் போறேன். இருநூறு சட்டை. மத்தியானத்துக்கு டிபன் பாக்ஸ்ல இருக்கு. வீட்டுலேயே உட்கார்ந்து சாப்பிடுங்க, பூங்காவுல எறும்பு.”

இதழ்களுக்கு நடுவே கால் நுனியை ஊன்றி, ஒரு கோடும் கலையாமல் கடந்து, அவள் இடது பக்கம் திரும்பி நடந்தாள். ரூல்ஸ் வண்டியைப் பின்னால் தள்ளினார்.