பால் ஊற்றிய முளைப்பாரி

கூடலூர் அம்மன் கோயிலுக்கு நேர்ந்து, சட்டிகளில் பயறு விதைத்து முளைப்பாரி போட்டு அன்று ஏழாவது நாள். வெயில் படாத ஓர் அறையில் பத்துப் பெண்களின் சட்டிகளில் பயிர் வெளிர்மஞ்சளாக ஒரு முழம் எழும்பி நின்றது. பதினோராவது சட்டி ஹேமாவதியுடையது. அதில் பயிர் வேரோடு அழுகிச் சாய்ந்து கிடந்தது.

ஹேமாவதிக்குப் பத்தொன்பது வயது. தாய் இல்லை. விவசாயியான அப்பா அழகர், வாழைத்தார் ஏற்றிய லாரியிலிருந்து விழுந்து, கால் எலும்பு இரண்டு இடத்தில் முறிந்து, தேனியில் ஓர் ஆஸ்பத்திரியில் இருந்தார். துணைக்குச் சித்தப்பா இருந்தார். காப்புக் கட்டியவர்கள் ஊர் எல்லையைத் தாண்டக் கூடாது என்பதால் அவளால் போக முடியவில்லை. அன்று காலை பத்து மணிக்கு ஆபரேஷன். தள்ளிப்போட்டால் கால் பழையபடி ஊன்றாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். அழகரோ கத்திக்குப் பயந்து, முந்தின நாள் மகளிடம் ஒன்று சொல்லியிருந்தார்.

"முளைப்பாரி எப்படி வந்திருக்குன்னு பாத்துச் சொல்லு ஆத்தா. நல்லா இருந்தா சம்மதிக்கிறேன். இல்லேன்னா நாட்டுக் கட்டுப் போட்டுக்கிட்டு வீட்டுக்கு வந்துர்றேன்."

இப்போது மணி ஒன்பது. ஹேமாவதி சட்டியின் முன்னால் உட்கார்ந்து அழுதாள். "அம்மன் ஆத்தாளுக்கு எங்க மேல கோவம்க்கா. அப்பாவ வரச் சொல்லிடப் போறேன்."

பெண்களுக்குக் கும்மிப் பாட்டுச் சொல்லிக்கொடுத்து, விரதத்தையும் கவனித்துக்கொண்டவள் முனீஸ்வரி. திராட்சைத் தோட்டத்தில் கூலி வேலை பார்ப்பவள். அவள் சட்டியைத் தூக்கி முகர்ந்து பார்த்தாள். புளித்த வாடை அடித்தது.

"என்னடி ஊத்துன இதுல?"

"பாலு. அப்பா விழுந்ததுல இருந்து தெனமும் ஒரு டம்ளர். எல்லாரும் தண்ணி ஊத்துறாக, நான் ஒசத்தியா ஊத்துவோம்னு..."

"முளைப்பாரி போடச் சொன்னா தயிருக்கு உறை ஊத்தி வச்சிருக்கா" என்றாள் பக்கத்துச் சட்டிக்காரி சிம்ரன். அழுதுகொண்டிருந்த ஹேமாவதிக்கே சிரிப்பு வந்துவிட்டது.

சிம்ரன் குரலைத் தாழ்த்தினாள். "அக்கா, ஏஞ்சட்டியப் படம் எடுத்து அனுப்பிருவோம். அழகர் மாமாவுக்கு என்ன தெரியப் போகுது?"

ஒரு மனுஷனின் கால் போகாமல் இருக்க ஒரு பொய் சொன்னால் என்ன என்று முனீஸ்வரிக்கும் தோன்றியது. பிறகு தலையை ஆட்டினாள்.

"வேணாம்டி. நாளைக்கு வேறொரு கஷ்டம் வரும். அப்ப எந்தச் சட்டியப் பாப்பாரு? ஹேமா, ஆபரேஷன் எப்படி ஆகும்னு எனக்குத் தெரியாது. என்ன ஆனாலும் ஆத்தா நம்ம கூட இருப்பா. எனக்குத் தெரிஞ்சது அம்புட்டுத்தான். அவகிட்ட வேண்டிக்க. பயறுகிட்டக் குறி கேக்காத."

சிம்ரனுக்கு வெட்கமாகிவிட்டது. தன் சட்டியிலிருந்து ஒரு பிடிப் பயிரை வேரோடு பிடுங்கினாள். அழுகியதை அள்ளிப் போட்டுவிட்டு ஹேமாவதியின் சட்டியில் ஊன்றினாள். மற்றவர்களும் ஒரு பிடி, அரைப் பிடி என்று தந்தார்கள். சட்டி நிறைந்தது.

"இப்பப் படம் எடுத்தா பொய் இல்லைல்லக்கா?" என்று சிம்ரன் கேட்டாள்.

"பாதிப் பொய்" என்றாள் முனீஸ்வரி.

ஹேமாவதி கண்ணைத் துடைத்துக்கொண்டு போன் போட்டாள்.

"யப்பா, நம்ம முளைப்பாரி அழுகிப்போச்சு."

அழகர் ஏதோ சொல்ல வருவதற்குள் அவளே தொடர்ந்தாள்.

"நான் பால ஊத்திட்டேன்ப்பா. நீங்க விழுந்ததுல இருந்து தெனமும்."

"பாலையா?" நாற்பது வருஷம் நாற்றுப் பாவிய மனிதரின் குரல் கோபமாகவே வந்தது. "ஏத்தா, பயறுக்குப் பால ஊத்துனா அழுகாம என்ன செய்யும்? வேரு மூச்சு விட வேணாமா? நீ செஞ்ச கூத்துக்கு ஆத்தா என்ன பண்ணுவா?"

சொல்லிவிட்டு அவரே நிறுத்தினார். தான் சொன்னதைத் தானே கேட்டவர் போல மெல்லச் சிரித்தார்.

"அப்ப ஆத்தாளுக்குக் கோவம் இல்லைங்கிறீகளா?" என்று மகள் கேட்டாள்.

"அவளுக்கு எதுக்குக் கோவம்? நாந்தான் கத்திக்குப் பயந்துக்கிட்டு அவ தலையில பழியப் போடப் பாத்தேன். நர்சம்மா பேப்பரோட நிக்கிறாக. இரு, கையெழுத்துப் போட்டுர்றேன்."

பேனா பேப்பரில் உரசும் சத்தம் கேட்டது. சக்கர வண்டி வந்துவிட்டதாகச் சித்தப்பா யாரிடமோ சொன்னார்.

"யப்பா, பயமா இருக்கா?"

"இருக்கு. அது பாட்டுக்கு இருக்கட்டும் ஆத்தா. நான் உள்ள போயிட்டு வாரேன்."