மெர்வினின் இடது தோளுக்கு ஒரு துப்பாக்கி

1

இந்தக் கதை பிறக்கக் காரணம் என் வேட்டைக் கூட்டாளி மெர்வினின் வலது கண். போன வசந்தத்தில் அதன் நடுவே ஒரு கறுப்புப் பொட்டு விழுந்தது. இனி நவம்பர் மான் வேட்டைக்கு வரமாட்டேன் என்று அவன் சொன்னதும் எனக்குத் தூக்கம் போயிற்று. தூக்கம் போன கிழவன் வேறென்ன செய்வான்? எழுத உட்கார்ந்தேன்.

முதல் வரி: “மொண்டானாவில் பனி பெய்துகொண்டிருந்த ஒரு காலையில்…” அடித்துவிட்டேன். இங்கே பனி பெய்யாத காலைதான் செய்தி.

இரண்டாவது: “இரண்டு கிழவர்கள் ஒரு துப்பாக்கிக் கடைக்குள் நுழைந்தார்கள்.” வாரப் பத்திரிகைத் துணுக்கு மாதிரி இருக்கிறது. ஆனால் நடந்தது அதுதான். இருக்கட்டும்.

2

வரமாட்டேன் என்றவனை நான்தான் இழுத்துப்போனேன். கடைக்காரி ஆர்லீனிடம் விஷயத்தைச் சொன்னோம். மெர்வினுக்கு இனி இடது கண்தான், ஆகவே இடது தோள்தான். அவனுடைய பழைய துப்பாக்கியில் தாழ்ப்பாள் போன்ற பிடி வலப்பக்கம் இருக்கிறது; இடது தோளில் வைத்து அதை இழுக்க, கை மூக்கைச் சுற்றிக்கொண்டு போகவேண்டும். லீவர் துப்பாக்கியில் பிடி அடியில் இருக்கும். கீழே தள்ளி மேலே இழுத்தால் தோட்டா ஏறிவிடும். இடம் வலம் எல்லாம் அதற்கு ஒன்றுதான்.

ஆர்லீன் மூன்றை எடுத்து மேசைமேல் வைத்தாள்.

“இது டப்பா சுட. ஞாயித்துக்கிழமை நல்லா பொழுது போகும். மானுக்கு ஆகாது.”

“இந்தத் தடியன்?” என்று மெர்வின் பெரியதைத் தொட்டான்.

“கரடிக்கு. உங்க தோளு கழண்டு என் கடையிலயே கிடக்கும்.”

[இங்கே ஒரு உண்மையைச் சொல்லியாகவேண்டும். என் மச்சான் இந்தப் பெரிய ரகத்தை ஒருமுறை மலைச்சரிவில் நின்று சுட்டான். உதைத்த உதையில் பறந்துபோய், நலம் என்று பக்கத்து மாவட்டத்திலிருந்து அஞ்சலட்டை போட்டான். அட்டை என்னிடம் இருக்கிறது. கேட்டால் காட்டமாட்டேன்.]

“நடுவுல இருக்கிறது முப்பது-முப்பது ரகம்,” என்றாள் ஆர்லீன். “உங்கப்பா காலத்துலேர்ந்து இந்தக் காட்டுல மான் விழுறது இதுலதான். ரொம்ப தூரம் போகாது. உங்க கண்ணும்தான் போகாதே. தோட்டா மட்டும் முனை மழுங்கினதா போடுங்க. அடியில இருக்கிற குழாய்க்குள்ள ஒண்ணு பின்னால ஒண்ணா நிக்கும். கூரா இருந்தா முன்னால நிக்கிறதக் குத்தி வெடிச்சிரும்.”

“இவன் பேச்சு மாதிரி,” என்று மெர்வின் என்னைக் காட்டினான்.

பிறகு நடுத் துப்பாக்கியை இடது தோளில் வைத்து லீவரை இயக்கினான். சளக்-சடக்.

அந்தச் சத்தம் எழுபத்தொன்றாம் வருஷத்துச் சத்தம்.

3

அப்போது மெர்வின் கையில் அவன் அப்பாவின் லீவர் துப்பாக்கி. எதிரே சரிவில் கொம்பு மான். சளக்-சடக், சளக்-சடக் என்று தோட்டா தீரும்வரை இயக்கினான். மான் அசைபோட்டபடி முழுதும் பார்த்துவிட்டுப் போயிற்று.

“அத்தனையும் சுட்டேன்டா, ஒண்ணுகூட படலியே!”

ஒரு வெடிச்சத்தமும் கேட்கவில்லை. லீவரை இயக்க இயக்க வெளியே விழுந்த தோட்டாக்கள் பனியில் முழுசாய்க் கிடந்தன. பதற்றத்தில் விசையைத் தொடவே மறந்திருக்கிறான். மான் காய்ச்சல் என்போம். லீவர் பிடித்த கைக்குத்தான் இப்படிக் காணும்.

எங்கள் வேட்டைக் குடிசையில் ஒரு வழக்கம். குறி தவறியவனின் சட்டைப் பின்பக்கத்தை வெட்டிச் சுவரில் ஆணியடித்து மாட்டுவோம். கத்தரிக்கோலோடு எல்லாரும் அவனைச் சூழ்ந்தோம்.

“எதுக்குடா வெட்டணும்? சுட்டாத்தானடா தவறும்?” என்றான்.

விறகு தீரும்வரை வாதாடினோம். வாதம் தீரவில்லை. அவனுக்கென்று ஒரு ஆணி மட்டும் அடித்தோம். அது இன்னும் வெறும் ஆணி. அன்று சூழ்ந்தவர்களில் நான்தான் மிச்சம். மற்றவர்கள் சுவரில் துணியாக இருக்கிறார்கள்.

(இதுவரை மெர்வினிடம் வாசித்துக் காட்டினேன். “மான் அசைபோடலடா, அத மாத்து,” என்றான். வேறெதையும் மறுக்கவில்லை.)

4

நடுத் துப்பாக்கியை வாங்கினோம். கோடை முழுதும் கல்குழியில் காப்பி டப்பாக்களைச் சுட்டுப் பழகினான். முதலில் உலகத்திலேயே பத்திரமான இடம் அந்த டப்பாக்களுக்குள்தான். இலை உதிர்வதற்குள் ஒன்று தவறாமல் துள்ளின.

இந்த இடத்தில் மெர்வின் என்ற பாத்திரத்தின்மேல் எனக்கே சந்தேகம் வருகிறது. இவ்வளவு சீக்கிரம் எவன் பழகுவான்? ஆகவே கடைசி நாளில் இரண்டு டப்பாக்களைத் தவறவிட வைக்கிறேன். [உண்மையில் மூன்று.]

5

நவம்பர். எழுபத்தொன்றின் அதே சரிவு. கொம்பு மான் வந்து நின்றது. மெர்வின் இடது தோளில் ஏற்றினான். சளக்-சடக்.

முடிவு ஒன்று: சுட்டான். அன்று அடுப்பில் ஈரலும் வெங்காயமும்… [பசிக்காக எழுதியது. அடித்துவிட்டேன்.]

முடிவு இரண்டு: பனியில் மறுபடி முழுத் தோட்டாக்கள்… [பழைய சரக்கு.]

நடந்தது: வெகுநேரம் குறிபார்த்தான். பிறகு துப்பாக்கியை இறக்கினான். மான் போயிற்று. காய்ச்சலா, கண்ணா, வேறு ஏதாவதா?

குடிசைக்கு வந்ததும் சட்டையைக் கால்சட்டையிலிருந்து உருவி, எனக்கு முதுகைக் காட்டி நின்றான்.

“வெட்டுடா. ஆணி ரொம்ப நாளா காத்துக்கிட்டிருக்கு. அத்தோட நான் வர்றதும் முடிஞ்சுது.”

சுவரில் எல்லாரும் எங்களைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

வெட்டினால் கதை அழகாக முடியும். அதுதான் எனக்குப் பிடிக்கவில்லை. கத்தரிக்கோலை இந்தப் பக்கத்தின்மேல் வைத்திருக்கிறேன், எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்று, சட்டையை வெட்டுங்கள். இல்லையென்றால், அவனுக்குக் கேட்கும்படி கொஞ்சம் உரக்கச் சொல்லுங்கள்: “சுட்டாத்தானடா தவறும்?”

அவன் இன்னும் திரும்பவில்லை.