கிட்டக் கண்ணாடி

தங்கச்சிமடத்தில் ஸ்டுடியோ வைத்திருக்கும் ரெக்ஸைக் கல்யாண வீட்டுக்காரர்கள் தேடி வருவதே அந்த ஒரு சாமானுக்காகத்தான். காமிரா லென்ஸின் முகப்பில் திருகி மாட்டுகிற வட்டக் கண்ணாடி. க்ளோஸ்-அப் லென்ஸ் என்று பெயர். பேப்பர் படிக்கப் பெரியவர்கள் போட்டுக்கொள்ளும் கண்ணாடிக்கும் இதற்கும் வேலை ஒன்றுதான்: கிட்டே இருப்பதைத் தெளிவாகக் காட்டும், தள்ளி இருப்பதைக் கலங்கலாக்கிவிடும். மோதிரக் கல்லையோ மருதாணி விரலையோ ஒரு சாண் தூரத்தில் வைத்து எடுத்தால், பொட்டளவு இடம் மட்டும் கூர்மையாக நிற்கும். மற்றதெல்லாம் பாலில் கரைந்தது போலாகிவிடும். கனவில் வந்த மாதிரி இருக்கிறதே என்று மணப்பெண்கள் பூரித்துப்போவார்கள்.

அப்பேர்ப்பட்ட கண்ணாடியை வைத்துத்தான் ரெக்ஸ் இப்போது பொண்டாட்டியிடம் பொய் சொல்லிக்கொண்டிருந்தான்.

ராமநாதபுரத்தில் ஓர் ஆஸ்பத்திரி. மாடியில் ஜோதிமேரி படுத்திருந்தாள். பிரஷர் ஏறி வலிப்பு வந்து, ஆபரேஷன் செய்துதான் பிள்ளையை எடுத்தார்கள். எழுந்திருக்கக் கூடாது. பெண் குழந்தை கீழே பச்சிளங்குழந்தை வார்டில். மூன்று நாளாகியும் தாய் இன்னும் முகம் பார்க்கவில்லை. குழந்தைக்கு மேலுதடு மூக்கு வரைக்கும் பிளந்திருந்தது. தைத்துச் சரிபண்ணிவிடலாம் என்று டாக்டர் சாதாரணமாகச் சொல்லிவிட்டார். ஊர் வாய் சும்மா இருக்குமா? கிரகணத்தன்று வெளியே போனாளா, காய் நறுக்கினாளா என்று ஜோதிமேரியைத்தான் குடைந்தெடுக்கும். போதாக்குறைக்கு அவளுக்குப் பாலும் ஊறவில்லை. இந்த லட்சணத்தில் எதைச் சொல்வது? ரெக்ஸுக்கு நா எழவில்லை.

அதனால் நர்ஸ் துர்காதேவியிடம் கெஞ்சிக் கேட்டு, ப்ளாஷ் போடாமல், பிள்ளையைத் துண்டு துண்டாகப் படம் எடுத்து வந்தான். ஜோதிமேரி மருந்து மயக்கத்தில் காமிராத் திரையில் ஒவ்வொன்றாகப் பார்த்தாள். ஒரு காது. அதைச் சுற்றி வெறும் வெளிச்சம். மூடிய இமையில் மெல்லிய மயிர்கள். பிறகு ஒரு பாதம்.

"தண்ணி வத்துன மணலு மாதிரி வரிவரியா இருக்குங்க," என்றாள். கண்ணை மூடிச் சிரித்தாள். அந்த மணலில் நடந்து போகிறவள் மாதிரி அவள் கால் விரல்கள் போர்வைக்குள் அசைந்தன.

சாயங்கால வெயில் கட்டில் மேல் விழுந்தபோது அவள் மறுபடியும் காமிராவைக் கேட்டு வாங்கினாள். இந்த முறை மயக்கம் இல்லை.

"ஏங்க, காது, கண்ணு, பாதமெல்லாம் தெளிவா இருக்கு, வாய் மட்டும் ஏன் பஞ்சு மாதிரி கலங்கியே இருக்கு?"

"அது... இந்தக் கண்ணாடி அப்படித்தான் காட்டும்."

"கண்ணாடி மேல பழியப் போடாதீங்க. என் புள்ளைக்கு வாயில என்ன?"

சொன்னான். சொல்லி முடிப்பதற்குள் அழுதும் விட்டான். ஜோதிமேரி காமிராவை அவன் கையில் திருப்பிக் கொடுத்தாள்.

"போய் வாயப் படம் எடுத்துட்டு வாங்க. கண்ணாடியக் கழட்டாம, கிட்டக்கப் போயி."

ரெக்ஸ் இறங்கிப் போனான். துர்காதேவி பாலாடையில் பால் புகட்டி முடித்திருந்தாள். இந்தக் கண்ணாடிக்கு ஆள்தான் முன்னும் பின்னும் அசைந்து கொடுக்க வேண்டும். மூச்சைப் பிடித்துக்கொண்டு குனிந்தான். கலங்கல் மெல்ல விலகியது. உதட்டின் பிளவில் ஒரு சொட்டுப் பால் நின்றது. பிள்ளை கொட்டாவி விட்டது. இத்தனை நாளும் தானே அந்த உதட்டை நேராகப் பார்த்ததில்லை என்பது அப்போதுதான் அவனுக்கு உறைத்தது.

ஜோதிமேரி படத்தை முகத்தருகே பிடித்துப் பார்த்தாள். படத்தில் இருந்த உதட்டை விரலால் தடவினாள்.

"இம்புட்டுத்தானா? இதுக்கா என் புள்ளைய எங்கிட்ட மறைச்சீங்க?"

அவள் காமிராவை மார்போடு அணைத்துக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துக் குனிந்து பார்த்து, "நர்ஸக் கூப்புடுங்க," என்றாள்.

நைட்டியின் முன்பக்கம் பாலில் நனைந்திருந்தது.