நாற்பத்திரண்டு வரை தாங்கினவள்

தளவாய்புரத்துக் குருவம்மாளுக்கு ஒரு கெட்ட பழக்கம். வலிக்கிறது என்று வாயைத் திறந்து சொல்லவே மாட்டாள். மூணு பிள்ளைகளையும் பல்லைக் கடித்துக்கொண்டே பெற்றவள். ஊர்க்காரர்கள் அதைப் பெருமையாகப் பேசினார்கள். என்ன எழவு பெருமையோ!

இருபது வருஷமாக ராஜபாளையத்து மில் ஒன்றில் அறுந்த நூலை ஒட்டுகிற வேலை. கையைத் தூக்கித் தூக்கி வலது தோள் போயே போய்விட்டது. நூல்கண்டுகளைப் பெட்டியில் அடுக்குகிற கோன் பேக்கிங்கில் உட்கார்ந்து பார்க்கிற இடம் ஒன்று காலியானது. அது கிடைத்தால் தோள் பிழைக்கும், இல்லையென்றால் வேலையை விட வேண்டியதுதான். அதே இடத்தை மாரிக்கனியும் கேட்டாள். அவளுக்கும் தோள்வலி. மேஸ்திரி பாண்டிதுரை ரெண்டு பேரையும் ஸ்ரீவில்லிபுத்தூருக்குப் பிசியோதெரபிக்கு அனுப்பினார். "சீட்டு வாங்கிட்டு வாங்க, பொறவு பார்ப்போம்."

அங்கே ஜெபா டாக்டரம்மா தோளில் ஒயர் வைத்த பட்டையை ஒட்டி, கரண்ட் மிஷினின் எண் போட்ட குமிழைத் திருகினாள். எண் ஏற ஏறக் கரண்ட் கூடும். "விறுவிறுன்னு இருக்கணும், வலிக்கக் கூடாது. போதும்னா சொல்லிருங்கக்கா."

மாரிக்கனி எட்டிலேயே "ஐயோ தாயே!" என்று அலறினாள். குருவம்மாளுக்குச் சிரிப்பு வந்தது. அதிகம் தாங்கினால் சீக்கிரம் குணமாகும் என்று அவளாக நினைத்துக்கொண்டாள். இருபது, முப்பது என்று ஏறியது. தோள் துள்ளியது, கண்ணில் தண்ணீர் முட்டியது. "வைங்கம்மா, இன்னும் வைங்க." நாற்பத்திரண்டில் டாக்டரம்மாவே பயந்துபோய் நிறுத்தினாள்.

ரெண்டு எண்ணும் சீட்டில் ஏறின. மேஸ்திரி பார்த்துவிட்டுச் சொன்னார்: "எட்டுக்கே அலறுதவளுக்குத்தான் வலி ஜாஸ்தி. நீ கல்லு மாதிரில்லா இருக்க! இப்போதைக்கு மாரிக்கனி உக்காரட்டும். அடுத்த வாரச் சீட்டையும் பார்த்து முடிவு சொல்லுதேன்."

குருவம்மாள் பழையபடி நூல் மிஷினுக்கே போனாள். அடுத்த வாரம் விஷயத்தைக் கேட்டதும் டாக்டரம்மா தலையில் அடித்துக்கொண்டாள். "அது வலியை அளக்கிற எண் இல்லக்கா. தாங்குறது ஆளுக்கு ஆள் மாறும். நானே எழுதித் தாரேன். இன்னைக்காவது உள்ளதைச் சொல்லுங்க."

ஒன்பதில் தோளுக்குள் ஊசி ஊசியாகக் குத்தியது. போன வாரமும் இதே இடத்தில்தான் குத்தியது, விழுங்கிவிட்டாள். நாற்பத்தைந்து வயதில் முதல்முதலாக வாய் திறந்தது. "போதும்மா. வலிக்கி." சொன்னதுதான் தாமதம், அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

டாக்டரம்மா எழுதியிருந்த நாலு வரியை மேஸ்திரி திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எண்ணைத்தான் பார்த்தார்.

"போன வாரம் நாப்பத்திரண்டு, இந்த வாரம் ஒம்பதா? ஏட்டி, யார்ட்ட நடிக்க?"

சுற்றி நின்றவர்கள் சிரித்தார்கள். மாரிக்கனி மட்டும் தலையைக் குனிந்துகொண்டாள்.

"இருவது வருசமா வலிக்காத மாதிரி நடிச்சேன், அதை நம்புனிய," என்றாள் குருவம்மாள். "இன்னைக்கு ஒரு நாள்தான்யா நடிக்கல."

"சரி சரி, உன் நூல் மிஷினைப் போய்ப் பாரு," என்றார் மேஸ்திரி.