நிரம்பியே இருந்த தொட்டி

அம்மான் நகரத்தை அந்த வருஷம் மழை நன்றாகவே ஏமாற்றியது. டிசம்பர் முடிய மூன்றே மழை. ஆனால் ஜிரைஸ் முதலாளியின் ஐந்து மாடிக் கட்டடம் மட்டும் மழைநீரை வாரி வாரிச் செலவழித்திருந்தது. மீட்டர் அப்படித்தான் சொன்னது.

கட்டடத்தை வடிவமைத்த ருதைனா மூன்று தரம் கணக்குப் போட்டுப் பார்த்தாள். கூரையில் விழுந்த மழை ஒரு சொட்டு சிந்தாமல் நிலத்தடித் தொட்டிக்குப் போயிருந்தால்கூட நாற்பதாயிரம் லிட்டர்தான். தொட்டியிலிருந்து கழிப்பறைகளுக்குப் போனதோ ஒரு லட்சத்துப் பத்தாயிரம். பசுமைக் கட்டடச் சான்றிதழ் தருகிறவர்கள் சும்மா விடுவார்களா? மழைநீரை மறுபடி பயன்படுத்துவதற்கு மூன்று புள்ளி. அது கிடைத்தால் தங்கத் தரம், போனால் வெள்ளிதான். விளக்கம் கேட்டுக் கடிதமே வந்துவிட்டது. "உன் கட்டடத்து மேகம் மட்டும் ஓவர்டைம் பாக்குதாடி?" என்று அலுவலகத் தோழி சீண்டினாள்.

ருதைனாவுக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு கார் நிறுத்தும் இடத்தைத் தோண்டித்தான் அந்தத் தொட்டியைக் கட்டியிருந்தாள். தங்கம் கிடைக்காவிட்டால் மண்ணைப் போட்டு மூடிவிடுவேன் என்று ஜிரைஸ் அன்றைக்கே சொல்லியிருந்தார். சொன்னால் செய்கிற மனுஷர்.

ஆனாலும் பயத்தைவிட ஆவல்தான் அவளைப் பிடித்து ஆட்டியது. பெய்யாத மழை எங்கிருந்து வந்தது? கீழே ஊற்று ஏதும் இருக்கிறதா? பக்கத்து வீட்டுக் குழாய் கசிகிறதா? தொட்டித் தண்ணீரை ஒரு பாட்டிலில் பிடித்து முகர்ந்தாள். லேசாகக் குளோரின் வாடை. எந்த மேகம் குளோரின் போடும்?

செவ்வாய்க்கிழமை அந்தத் தெருவுக்குக் குழாய்த் தண்ணீர் விடும் நாள். வாரத்துக்கு அந்த ஒரு நாள்தான். ருதைனா காலையிலேயே தொட்டிக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்துகொண்டாள். எகிப்தின் மின்யாவிலிருந்து வந்த காவல்காரர் அவதல்லா மொட்டைமாடித் தொட்டிகளை நிரப்பிவிட்டு, ஏதோ பாட்டை முணுமுணுத்தபடி இறங்கி வந்தார். கோடையில் மட்டும் மழைத் தொட்டிக்குக் குழாய்த் தண்ணீர் விடுவதற்கென்று வைத்திருந்த வால்வை, தன் பாட்டுக்குத் திறந்துவிட்டார்.

கேட்டதற்கு அவர் முகத்தில் துளி குற்றவுணர்ச்சி இல்லை. "தண்ணி வர்ற நாள்ல தொட்டிய காலியா விட்டா, அப்புறம் நான் எதுக்கும்மா காவக்காரன்?" என்றார். அவருக்கும் ஒரு சந்தேகம் இருந்ததாம். மழை பெய்தால் அவ்வளவும் தெருவுக்குத்தான் ஓடுகிறதாம், இந்தத் தொட்டிக்குள் மட்டும் இறங்கமாட்டேன் என்கிறதாம். ருதைனா தலையில் கை வைத்துக்கொண்டாள். விளிம்பு வரை நிரம்பிய தொட்டியில் மழை எங்கே போய் இறங்கும்? இத்தனை நாளும் ஒரு சொட்டு மழைகூட உள்ளே போகவில்லை.

மறுநாள் ஜிரைஸிடம் உள்ளதை உள்ளபடி சொன்னாள். அவர் முகம் சிவந்துவிட்டது. அவதல்லாவைக் கூப்பிட்டனுப்பினார். அவதல்லாவின் வேலையும் போயிற்று, என் தொட்டியும் போயிற்று என்று ருதைனா முடிவே கட்டிவிட்டாள்.

"யாருய்யா உன்ன வால்வத் தொறக்கச் சொன்னது?"

"நீங்கதான் முதலாளி. சாவி குடுத்த அன்னிக்கு, என் கட்டடத்துல எந்தத் தொட்டியும் ஒரு நாளும் காலியா இருக்கக் கூடாதுன்னீங்க."

ஜிரைஸ் பேனாவை எடுத்தார். விளக்கம் கேட்ட கடிதத்தைத் தன் பக்கம் இழுத்துப் பதிலைத் தானே எழுதினார். பயன்படுத்திய மழைநீர் ஏதுமில்லை, நிரப்பச் சொன்னது நான், காவல்காரர் மேல் தப்பில்லை என்று எழுதிக் கையெழுத்துப் போட்டார். அந்தக் கையெழுத்தோடு தங்கம் போயிற்று என்று மூன்று பேருக்கும் தெரியும்.

தொட்டியை என்ன செய்வது என்று ருதைனா தயங்கித் தயங்கிக் கேட்டாள்.

"இருக்கட்டும். மழ அதுக்குள்ள எறங்குறத நானும் ஒரு தடவ பாக்கணும்ல?"

அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. அவதல்லா மட்டும் வாசலிலேயே நின்றார்.

"வால்வ முழுசா மூடிரவா முதலாளி? இல்ல, கொஞ்சம்போலத் தொறந்து வைக்கவா?"

அம்மானில் பிறந்து வளர்ந்தவர் ஜிரைஸ். தண்ணீர் வரும் நாளில் ஒரு தொட்டியையும் காலியாக விட்டுப் பழகாதவர்.

"முழுசா," என்றார்.