ஓடைக்கரைப் பொத்தான் பூ

நாற்பத்து மூன்று வயதாகியும் அக்காவுக்கு அவள் குட்டிதான். மூலிகை மருந்துக் கம்பெனியின் சோதனைக்கூடத்தில் எல்லோரும் அவளை மேடம் என்பார்கள். அக்கா ஒருநாள் பூ மூட்டையோடு வந்து, "குட்டி இருக்காளா?" என்று வாசலில் கேட்டுவைக்க, அன்றிலிருந்து காவலாளிகூட அவளைப் பார்த்தால் வாய்க்குள் சிரித்துக்கொள்வார்.

அக்கா அந்தக் கம்பெனிக்குப் பூப் பறித்துக் கொடுப்பவள். ஊருக்கு வெளியே ஓடைக்கரையில், யாரும் விதைக்காமல் தானாக முளைக்கும் மஞ்சள் காட்டுப்பூ. சட்டைப் பொத்தான் அளவுதான் இருக்கும். அதனால் பொத்தான் பூ. நெஞ்சுச்சளிக்கு நன்றாகக் கேட்கும் என்று பெயர். வெயில் ஏறுவதற்குள் பறித்து, மொட்டைமாடிக் கொட்டகை நிழலில் துணி விரித்து உலர்த்துவாள். அவள் மூட்டையில் ஒரு காம்போ ஒரு கல்லோ யாரும் கண்டதில்லை.

அந்த வருடம்தான் உலோகங்களை அளக்கும் புதுக் கருவி வந்தது. மூட்டைக்கு ஒரு பிடி எடுத்து, அமிலத்தில் கரைத்து, கருவிக்குக் கொடுத்தாள் குட்டி. அக்காவின் பூ வந்தபோது ஈயம் எண்பத்து நான்கு என்றது திரை. பத்தைத் தாண்டக் கூடாது.

குடுவையைச் சரியாகக் கழுவவில்லையோ என்று மறுபடி செய்தாள். எண்பத்து மூன்று. அப்போதுதான் ஓடைக்கு மேல் மேட்டில் இருக்கும் பட்டறை நினைவுக்கு வந்தது. பழைய பேட்டரிகளை உடைத்து ஈயம் உருக்குகிற இடம். வந்து ஆறேழு வருடம் ஆகிறது. மழை பெய்தால் அங்கிருந்து வழிவதெல்லாம் ஓடையில்தான் வந்து விழும்.

மேலாளர் கெட்டவர் இல்லை. சிக்கல் என்றால் குறுக்குவழி தேடுகிறவர். "வேற இடத்துப் பூவோட கலந்துட்டா அளவு இறங்கிடாதா மேடம்? உங்க அக்கா மூட்டை வேற..." என்று தலையைச் சொறிந்தார்.

"இருமுறவங்க குடிக்கிறது சார். கலக்க வேண்டாம்."

மூட்டையில் சிவப்பு அட்டையைக் கட்டினாள். கிடங்கில் இருந்த பழைய மூட்டைகளையும் ஒதுக்கிவைக்கச் சொன்னாள். அப்புறம்தான் அக்கா வீட்டு அடுப்பு நினைவுக்கு வந்தது. அத்தானுக்கு இருமல் என்று நான்கு வருடமாக அக்கா தினமும் காலையில் அந்தப் பூவைத்தான் கொதிக்கவைத்துக் கொடுக்கிறாள். அவளும் அரை டம்ளர் குடிப்பாள், துணைக்கு.

சாயங்காலம் நேராக அக்கா வீட்டுக்குப் போனாள். மாடியில் அக்கா பூவைப் புரட்டிக்கொண்டிருந்தாள். விஷயத்தைச் சொன்னதும் அவளுக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"என் பூவையா? உன் மெஷினை முதல்ல ரிப்பேர் பண்ணச் சொல்லு. ஒவ்வொரு பூவா பார்த்துப் பார்த்துப் பறிக்கிறேன்டி."

"பார்த்தாத் தெரியாதுக்கா. வேர் வழியா ஏறியிருக்கு. நீ என்ன பண்ணுவ?" குட்டி அவள் பக்கத்தில் உட்கார்ந்தாள். "கோபத்தை அப்புறம் பட்டுக்கலாம். நாளைக்கு நீயும் அத்தானும் ரத்தம் டெஸ்ட் பண்ணணும்."

அக்காவின் கை பூவுக்குள் அப்படியே நின்றது. நிமிர்ந்து தங்கையைப் பார்த்தாள். கோபம் போன இடம் தெரியவில்லை.

"நான்தானேடி கொடுத்தேன். அவர் கசக்குதும்பாரு. மிரட்டி மிரட்டிக் குடிக்க வச்சேனே."

குட்டி அக்காவின் விரல்களில் ஒட்டியிருந்த மஞ்சள் தூளை ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துவிட்டாள்.

இரண்டு பேர் ரத்தத்திலும் ஈயம் இருந்தது. அத்தானுக்கு அதிகம். மாதக்கணக்காக வயிற்றுவலி, அசதி என்று அவர் சொல்லிவந்ததை, பஸ் ஓட்டிய உடம்புக்கு ஓய்வு ஒத்துக்கொள்ளவில்லை என்று வீட்டில் கேலி செய்வார்கள். அதன் அர்த்தம் அப்போதுதான் புரிந்தது. சிகிச்சை இருக்கிறது, நாளாகும் என்றார் டாக்டர்.

ஆஸ்பத்திரி வராந்தாவில் அக்கா முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். அத்தான் அவள் முதுகைத் தட்டிக்கொடுத்தார்.

"விடும்மா. உன் காபியைக் குடிச்சே இத்தனை வருஷம் தாக்குப்பிடிச்ச உடம்பு இது."

அழுகைக்கு நடுவே அக்காவுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிக்க வைத்ததற்காக அவர் தோளில் ஓர் அடியும் போட்டாள்.

கம்பெனி கொடுத்த அறிக்கையோடு சகோதரிகள் இருவரும் சுற்றுச்சூழல் அலுவலகத்துக்கு நடையாக நடந்தார்கள். எழுதிக் கொடுத்தது போதாது, முத்திரை இல்லை, அதிகாரி இல்லை என்று நாலு தடவை திருப்பி அனுப்பினார்கள். ஐந்தாவது தடவை அக்கா மேசைமேல் கணவரின் ரத்த ரிப்போர்ட்டை வைத்துவிட்டு நகராமல் உட்கார்ந்துகொண்டாள். மறுவாரம் ஆட்கள் வந்து மண்ணையும் தண்ணீரையும் எடுத்துப் போனார்கள். பட்டறைக்குப் பூட்டு விழுந்தது. மண் சுத்தமாகப் பல வருடம் ஆகும் என்றும் சொல்லிவிட்டார்கள்.

அத்தானின் ரத்தத்தில் ஈயம் மெல்ல இறங்கிக்கொண்டிருந்தது. அடுத்த பருவம் வந்தது. அக்கா தொலைவில், மலைச்சரிவில் வேறு இடம் பார்த்துக்கொண்டாள். பறிப்பதற்கு முன்பே ஒரு பிடி பூ சோதனைக்கு வந்துவிடும். ஆனால் ஓடைக்கரையை அவளால் விட முடியவில்லை. வேறு யாராவது தெரியாமல் பறித்துவிட்டால்?

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இருவரும் பலகைகளைச் சுமந்துகொண்டு அங்கே போனார்கள். "இந்தப் பூவைப் பறிக்காதீர்கள். விஷம் ஏறியிருக்கிறது" என்று குட்டி எழுதியிருந்தாள். கரை முழுக்க மஞ்சள். அந்த வருடம்போல் பூத்து அக்காவே பார்த்ததில்லை.

முதல் பலகையை நட்டுவிட்டு அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள் அக்கா.

"விஷம்னு எழுதணுமாடி? இது என்ன பண்ணுச்சு பாவம். வந்த தண்ணியைக் குடிச்சுது, எங்களை மாதிரி."

குட்டி பெயிண்ட் டப்பாவைத் திறந்து தூரிகையை நீட்டினாள். அக்கா விஷம் என்ற வரியை மட்டும் அடித்துவிட்டு, கோணல்மாணலான எழுத்தில் கீழே எழுதினாள்: "இந்தச் செடிக்கு உடம்பு சரியில்லை."